கூட்டத்துக்கு வராதவரின் நாற்காலி



இங்கிலாந்தின் அமெச்சூர் ரக்பி கிளப்புகள் எப்படி நடத்தப்படுகின்றன, அவற்றின் நிர்வாக விதிகள் எங்கிருந்து வந்தன, யாரைக் காக்கின்றன என்பதைப் பற்றி, தத்தம் ஊரில் விளையாட்டு கிளப்புகளை நடத்திவரும் உங்களிடம் பேச வந்திருக்கிறேன். தொலைக்காட்சியில் வரும் பெரிய அணிகளை ஒதுக்கிவைத்துவிடுங்கள். நான் சொல்வது சனிக்கிழமை பிற்பகலில் தச்சரும் ஆசிரியரும் செவிலியரும் கல்லூரி மாணவரும் ஒன்றுகூடிக் காசு வாங்காமல் ஆடுகிற கிளப்புகளை. அவற்றின் தலைவருக்கும் செயலாளருக்கும் பொருளாளருக்கும்கூடச் சம்பளம் கிடையாது. தங்கள் வேலை முடிந்த பிறகு மாலையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர்கள் அவர்கள்.

இப்படி ஓர் அமைப்பில் முடிவு எடுப்பவர் யார்? கூட்டத்துக்கு வந்தவர். வேலைநாள் இரவில் கூடும் நிர்வாகக் குழுவுக்கு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் எடுக்கும் முடிவு, வராத நூற்றுக்கணக்கானவர்களைத் தொடுகிறது. எட்டு வயதுப் பிள்ளை கூட்டத்துக்கு வருவதில்லை. போன வாரம் தலையில் அடிபட்டுப் படுத்திருப்பவர் வருவதில்லை. அடுத்த வாரம் எதிரணியாக வந்து ஆடப்போகிறவர் வருவதில்லை. ஐம்பது ஆண்டு கழித்து அதே மைதானத்தில் ஆடப்போகிறவர் இன்னும் பிறக்கவே இல்லை. இவர்களுக்காகக் கூட்டத்தில் போட்டுவைக்கும் நாற்காலிதான் விதி. வராதவருக்காகவும் பேசினால் அது நல்ல விதி. வந்தவரின் வசதியை மட்டும் பேசினால், எவ்வளவு நேர்த்தியாக எழுதியிருந்தாலும் அது கெட்ட விதி. இதுதான் என் வாதம். வரலாற்றிலிருந்தும் இன்றைய நடைமுறையிலிருந்தும் இதற்குச் சான்று காட்டுகிறேன்.

1870 டிசம்பரில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர்கள் இருவர்: ரிச்மண்ட் கிளப்பின் எட்வின் ஆஷ், பிளாக்ஹீத் கிளப்பின் பெஞ்சமின் பர்ன்ஸ். ரக்பி பாணியில் ஆடும் கிளப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனி விதிகளை வைத்திருப்பதால் குழப்பம் நேர்கிறது, எல்லாரும் கூடி ஒரு பொது விதியை உருவாக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அடுத்த மாதமே, 1871 ஜனவரி 26 அன்று, லண்டனில் ஓர் உணவகத்தில் 21 கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடி ரக்பி ஃபுட்பால் யூனியனைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் ஆல்ஜெர்னான் ரட்டர் உட்பட மூன்று வழக்கறிஞர்களிடம் விதிகளை எழுதும் வேலை ஒப்படைக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூனில் 59 விதிகள் ஒப்புதல் பெற்றன.

அந்த விதிகளில் ஒன்று மிக முக்கியமானது. எதிராளியின் காலில், முழங்காலுக்குக் கீழே, வேண்டுமென்றே உதைப்பது அந்நாளில் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1863-இல் கால்பந்துச் சங்கம் உருவானபோது அந்த உதையைத் தடைசெய்யப் பார்த்தார்கள் என்பதற்காகவே பிளாக்ஹீத் கிளப் வெளியேறியது. எட்டு ஆண்டு கழித்து அதே பிளாக்ஹீத்தைச் சேர்ந்தவர் கூட்டிய யூனியனின் விதிகளில் அந்த உதை தடைசெய்யப்பட்டது. தன் கிளப்புக்குள் நண்பர்களோடு மட்டும் ஆடும்வரை, உதைபடுகிறவனும் நம் ஆள்தான், அவன் சம்மதித்துத்தான் ஆடுகிறான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஊர் கடந்து, முகம் தெரியாத கிளப்போடு ஆட வேண்டும் என்று வந்தவுடன் அந்தப் பேச்சு செல்லாது. வருகிறவனுக்கு நாம் என்ன உறுதி தருகிறோம் என்ற கேள்வி எழுகிறது. ரக்பி நிர்வாகத்தின் முதல் விதிகள் இந்தக் கேள்விக்கான விடையாகப் பிறந்தவை.

அடுத்த சான்று நம் நாட்டில் நடந்தது. 1872 கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் அங்கிருந்த பிரிட்டிஷார் ஒரு ரக்பி ஆட்டம் ஆடினார்கள். 1873 ஜனவரியில் கல்கத்தா கிளப் உருவானது. ஆனால் அந்த வெயிலில் ரக்பி நிலைக்கவில்லை. உறுப்பினர்கள் டென்னிஸ் பக்கமும் போலோ பக்கமும் போனார்கள். 1870களின் இறுதியில் கிளப்பைக் கலைத்துவிட முடிவானது. வங்கியில் பணம் மிச்சம் இருந்தது.

அந்தப் பணத்தை என்ன செய்வது? எஞ்சியிருந்தவர்கள் பங்குபோட்டுக்கொண்டிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 270 வெள்ளி ரூபாயாக அதை எடுத்து, உருக்கி, கோப்பையாகச் செய்து, 1878-இல் யூனியனுக்குக் கொடுத்தார்கள். மூன்று நாகங்கள் கைப்பிடிகளாகவும், மூடியின் மேல் யானையுமாக இந்தியக் கைவேலை கொண்ட அந்தக் கல்கத்தா கோப்பைக்காக 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடிவருகின்றன. கிளப்பின் பணம் கடைசியாக இருந்த சில உறுப்பினர்களின் பணம் அல்ல, ஆட்டத்தின் பணம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அன்று அது அவர்களின் பெருந்தன்மை. இன்று அதே கொள்கை பிரிட்டனில் சட்டமாகவே இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன், வராதவரை மறந்து விதி செய்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 1890களில் இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயரிலும் லங்காஷயரிலும், ரக்பி ஆடியவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள். சனிக்கிழமை வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியை மட்டும் ஈடுகட்ட அனுமதியுங்கள் என்று யார்க்ஷயர் கேட்டது. 1893 செப்டம்பரில் லண்டனில் கூடிய பொதுக்கூட்டத்தில் அந்தத் தீர்மானம் 282-க்கு 136 என்று தோற்றது. அமெச்சூர் என்றால் ஒரு காசும் வாங்கக் கூடாது என்பது விதி. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார்கள். ஆனால் அதன் சுமை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. சொந்த வருமானம் உள்ளவருக்கு அது ஒரு கொள்கை. சுரங்கத்தில் இறங்குகிறவருக்கு அது ஒரு நாள் சாப்பாடு.

விளைவு நமக்குத் தெரியும். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குக் கிளப்புகள் கூடித் தனி யூனியன் அமைத்தன. ஒரு நாள் வேலை இழப்புக்கு ஆறு ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்பது அவர்கள் வகுத்த விதி. அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ரக்பி லீக். அந்தப் பக்கம் போனவர்களுக்கு ரக்பி யூனியன் வாழ்நாள் தடை விதித்தது. அமெச்சூர் விதியையே கைவிட்டு, பணம் வாங்கி ஆடலாம் என்று சர்வதேச ரக்பி வாரியம் பாரிஸில் அறிவித்தது 1995 ஆகஸ்டில்தான். ஆறு ஷில்லிங்கில் முடிந்திருக்கக்கூடிய ஒரு பிரச்சினைக்கு நூறு ஆண்டு பிரிவு. விதி செய்யும் அறையில் அந்தச் சுரங்கத் தொழிலாளிக்கு இடம் இல்லாமல் போனதன் விலை அது.

இனி இன்றைய கிளப்புக்கு வருவோம்.

கிளப் தொடங்குகிறவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது அதன் சட்ட வடிவம். பழைய கிளப்புகள் பல வெறும் சங்கங்களாகவே தொடங்கின. சட்டத்தின் கண்ணில் அப்படிப்பட்ட கிளப்புக்குத் தனி உருவம் கிடையாது. நிலக் குத்தகையிலோ கடன் பத்திரத்திலோ கையெழுத்துப் போட்டவர் நிர்வாகக் குழுவின் உறுப்பினர்தான். கிளப் கடனில் மூழ்கினால் அவருடைய வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அதனால்தான் இன்று பல கிளப்புகள் உத்தரவாத வரம்புள்ள நிறுவனமாக மாறிவருகின்றன. அதில் ஒவ்வோர் உறுப்பினரின் பொறுப்பும் பெரும்பாலும் ஒரு பவுண்டோடு நின்றுவிடும். ஊதியமே இல்லாமல் உழைக்கிறவரிடம் உன் வீட்டையும் பணயம் வை என்று கேட்க எந்தக் கிளப்புக்கும் உரிமை இல்லை.

அடுத்தது பணம். பிரிட்டனில் 2002 முதல் சமுதாய அமெச்சூர் விளையாட்டு கிளப் என்றொரு வரித் திட்டம் உண்டு. அதில் பதிவு செய்த கிளப்புக்குக் கட்டடத்துக்கான உள்ளாட்சி வரியில் 80 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகையும் உண்டு. ஊர்ப்புற கிளப்புக்கு இது பெரிய தொகை. ஆனால் சலுகைக்கு நிபந்தனைகள் இருக்கின்றன. பாகுபாடு பார்க்காமல் ஊரார் எல்லாருக்கும் உறுப்பினர் வாய்ப்பைத் திறந்துவைக்க வேண்டும். 2015 முதல், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் உண்மையிலேயே ஆட்டத்தில் பங்கெடுப்பவர்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விளையாட்டு கிளப் என்ற பெயரில் மதுக்கூடம் நடக்கும். கிளப் கலைந்தால் எஞ்சிய சொத்து உறுப்பினர்களின் பைக்குப் போகக் கூடாது. அதே மாதிரியான இன்னொரு கிளப்புக்கோ, அறக்கட்டளைக்கோ, விளையாட்டின் ஆளும் அமைப்புக்கோதான் போக வேண்டும். கல்கத்தாவில் பெருந்தன்மையாக நடந்தது இங்கே எழுத்தில் நிற்கிறது.

இந்த ஒரு விதியின் முக்கியத்துவத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஊர் வளர வளர மைதானத்தின் மண்ணுக்கு விலை ஏறுகிறது. பல தலைமுறைக்கு முன்பு யாரோ சிலர் சந்தா போட்டு வாங்கிய நிலம் அது. கடைசியாக உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் நாற்பது பேர் கூடி, விற்றுப் பங்குபோடலாம் என்று ஒரே இரவில் தீர்மானம் போட்டுவிட முடியும். சொத்து ஆட்டத்துக்கே என்ற விதி இருந்தால் அந்தத் தீர்மானத்தால் யாருக்கும் லாபம் இல்லை. லாபம் இல்லாததால் அது வருவதே இல்லை.

மதுக்கூடத்தைச் சொன்னேன். ஆங்கிலேய ரக்பி கிளப்புகள் பலவற்றின் வருமானத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. 2003-இன் உரிமச் சட்டப்படி உறுப்பினர் கிளப்புகள் மது வழங்கத் தனிச் சான்றிதழ் பெறலாம். குறைந்தது 25 உறுப்பினர்கள் வேண்டும். விண்ணப்பித்தவருக்கும் உறுப்பினர் உரிமைக்கும் இடையே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி வேண்டும். வாசலில் பெயர் எழுதி உடனே கோப்பையைக் கையில் கொடுக்க முடியாது. இந்த இரண்டு நாளில்தான் வருகிறவர் யார் என்று கிளப் பார்த்துக்கொள்கிறது.

அடுத்தது பொதுக்குழு. ஆண்டுக்கு ஒருமுறை, இத்தனை நாள் முன்னறிவிப்போடு, குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கோரத்தோடு கூட வேண்டும் என்று ஒவ்வொரு கிளப்பின் அமைப்பு விதியும் சொல்லும். கணக்கை உறுப்பினர் முன் வைக்க வேண்டும். பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மினிட் புத்தகத்தில் நடந்ததை எழுத வேண்டும். இவை ஏதோ சடங்குபோல் தோன்றும். முன்னறிவிப்பு எதற்கு? வர விரும்புகிறவருக்கு வேலையை மாற்றிக்கொள்ள நேரம் கிடைப்பதற்கு. கோரம் எதற்கு? நண்பர்கள் ஐந்து பேர் கூடிக் கிளப்பையே மாற்றிவிடாமல் இருப்பதற்கு. மினிட் புத்தகம் எதற்கு? வராதவர் அடுத்த மாதம் வந்து, இப்படி ஏன் முடிவு செய்தீர்கள் என்று கேட்பதற்கு.

இந்த நடைமுறை சின்னக் கிளப்புக்கு எவ்வளவு வலிமை தருகிறது என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று. 2024 இறுதியில் இங்கிலாந்து ரக்பி யூனியனின் ஆண்டுக் கணக்கு வெளிவந்தது. தலைமை நிர்வாகி பில் ஸ்வீனிக்குச் சம்பளமும் போனஸும் சேர்த்துச் சுமார் 11 லட்சம் பவுண்டு. அதே ஆண்டில் யூனியனின் இழப்பு 3 கோடியே 79 லட்சம் பவுண்டு. ஊழியர்கள் பலர் வேலை இழந்திருந்தார்கள். சனிக்கிழமை மைதானத்தில் கோடு போடவும் பந்து வாங்கவும் காசு தேடும் கிளப்புகள் கொதித்துப்போயின. அமைப்பு விதியில் உறுப்பினர் கிளப்புகள் கையெழுத்திட்டுச் சிறப்புப் பொதுக்கூட்டம் கேட்கலாம் என்று இருக்கிறது. கையெழுத்துகள் திரண்டன. யூனியன் வாரியத்தின் தலைவர் பதவி விலகினார். 2025 மார்ச்சில் கூட்டம் கூடியது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவாக 206 வாக்கு, எதிராக 466. தீர்மானம் தோற்றது. ஆனாலும் நாட்டின் கடைக்கோடியில் உள்ள ஒரு கிளப்பின் செயலாளர் கேட்ட கேள்விக்கு, பெரிய பதவியில் இருப்பவர் எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அதிகாரம் கோபத்தால் வரவில்லை. யாரோ முன்யோசனையோடு எழுதிவைத்த ஒரு பிரிவால் வந்தது.

இனி ஆட்ட நாளுக்கு வருகிறேன். கிளப் நிர்வாகத்தின் மிக நுட்பமான பகுதி இதுதான். ஏனென்றால் இங்கே காகிதத்தில் நேரும் தவறு கழுத்தெலும்பில் போய் முடியும்.

ரக்பியை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஸ்க்ரம் என்பது இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் பின்னி, குனிந்து, எதிரணியோடு முட்டித் தள்ளும் அமைப்பு. அதில் முன்வரிசையில் மூன்று பேர்: நடுவில் ஹூக்கர், இரு பக்கமும் ப்ராப். பின்னாலிருந்து வரும் தள்ளு முழுவதும் இவர்களின் கழுத்திலும் முதுகிலும்தான் இறங்கும். பயிற்சி இல்லாத ஒருவரை அங்கே நிறுத்துவது ஆபத்து. அதனால் ஆட்டப் பட்டியலில் முன்வரிசைக்குப் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர் என்பதை விதியே சொல்கிறது. 15 பேர் கொண்ட பட்டியலில் மூவர், 16 முதல் 18 வரை நால்வர், 19 முதல் 22 வரை ஐவர், 23 பேர் என்றால் அறுவர். பயிற்சி பெற்றவர் தீர்ந்துபோனால், தள்ளாமல் வெறுமனே கோத்து நிற்கும் ஸ்க்ரமாக ஆட்டத்தை நடத்த வேண்டும்.

1998 ஜனவரியில் வேல்ஸில் லான்ஹாரன், டொண்டு ஆகிய இரு கிளப்புகளின் இரண்டாம் நிலை அணிகள் மோதின. லான்ஹாரன் அணியின் ப்ராப் ஒருவர் காயப்பட்டு வெளியேறினார். முன்வரிசைக்குப் பயிற்சி பெற்ற மாற்று ஆட்டக்காரர் இல்லை. நடுவர் அணித்தலைவருக்கு இரண்டு வழிகளைச் சொன்னார். உங்களில் யாரையாவது முன்வரிசைக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் தள்ளாத ஸ்க்ரமாக ஆடலாம். ஆனால் அப்படி ஆடினால் இந்த ஆட்டத்துக்கான புள்ளிகள் உங்களுக்குக் கிடைக்காது. அணி புள்ளியைத் தேர்ந்தெடுத்தது. முன்வரிசைக்குப் போதிய பழக்கம் இல்லாத ஒருவர் அங்கே போனார். ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் ஒரு ஸ்க்ரம் சரியாகச் சேரவில்லை. ஹூக்கரின் கழுத்து எலும்பு பிசகியது. அந்த இளைஞர் சக்கர நாற்காலிக்குப் போனார். 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அமெச்சூர் நடுவராக இருந்தாலும் ஆட்டக்காரரின் பாதுகாப்புக்கு அவர் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. நடுவர் சார்பில் ஈடு செய்யும் பொறுப்பை வேல்ஸ் ரக்பி யூனியன் ஏற்றுக்கொண்டிருந்தது.

இந்த வழக்கைப் பலரும் நடுவரின் பொறுப்பைப் பற்றிய வழக்காகவே படிக்கிறார்கள். நிர்வாகிகளாகிய நாம் அதில் இன்னொன்றையும் படிக்க வேண்டும். அங்கே இரண்டு விதிகள் ஒன்றோடொன்று மோதின. ஒன்று பாதுகாப்பு விதி: பயிற்சி இல்லாதவரை முன்வரிசையில் நிறுத்தாதே. மற்றொன்று புள்ளி விதி: தள்ளாத ஸ்க்ரம் கேட்டால் புள்ளி கிடையாது. இரண்டாவது விதிக்கும் காரணம் இருந்திருக்கும். பலவீனமான ஸ்க்ரம் கொண்ட அணி அதைச் சாக்காக வைத்துத் தப்பிக்கக் கூடாது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த விதி, பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தவருக்கு அபராதம் போட்டது. மூச்சிரைக்க நிற்கும் ஓர் இளம் அணித்தலைவரிடம், கழுத்தா புள்ளியா என்று கேட்க வைத்தது. புள்ளி விதியை எழுதிய கூட்டத்தில் முன்வரிசைக்காரர் ஒருவர் இருந்திருந்தால் அது வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்று நான் நம்புகிறேன். இன்று இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்குகளில், ஆள் குறைந்தால் எண்ணிக்கையைக் குறைத்தும், ஸ்க்ரமைத் தள்ளாமல் நடத்தியும் ஆட்டத்தைத் தொடர வழி செய்திருக்கிறார்கள்.

தலைக் காயத்தைப் பற்றிய விதியும் அப்படித்தான் வந்தது. 2011 ஜனவரியில் வட அயர்லாந்தின் காரிக்ஃபெர்கஸில் ஒரு பள்ளி ஆட்டத்தில் 14 வயதுச் சிறுவன் தலையில் அடிபட்ட பிறகும் ஆடினான். மறுபடியும் அடிபட்டது. மயங்கி விழுந்தான். பிறகு இறந்துபோனான். முதல் அதிர்விலிருந்து மூளை மீள்வதற்குள் இரண்டாவது அதிர்வு நேர்ந்ததே காரணம் என்று மரண விசாரணை சொன்னது. அந்தக் குடும்பம் ஓயாமல் குரல் கொடுத்தது. 2023-இல் பிரிட்டன் அரசு அமெச்சூர் விளையாட்டு அனைத்துக்குமான மூளை அதிர்வு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஐயம் இருந்தால் ஆட்டக்காரரை உடனே வெளியே உட்கார வை என்பது அதன் சாரம். அன்று அவர் மறுபடி களத்துக்குள் போகக் கூடாது. போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள் ஆக வேண்டும். அதுவும் மோதலுள்ள பயிற்சிக்கு முன்பே, ஓய்வில் இருக்கும்போது 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்தால்தான்.

கிளப் செயலாளரின் வேலை இங்கே தொடங்குகிறது. சனிக்கிழமை கிளப்புக்காக ஆடி அடிபட்டவன் புதன்கிழமை கல்லூரி அணிக்காக ஆடக்கூடும். அடிபட்ட நாளும் பெயரும் எழுதப்பட்டு, அடுத்த அணிக்கும் வீட்டுக்கும் தெரிவிக்கப்பட்டால்தான் அந்த 21 நாளுக்குப் பொருள் உண்டு. மூளை அதிர்வு அடைந்தவன் எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வான். தன் நிலையைத் தானே எடைபோட முடியாத நேரம் அது. அவன் சார்பில் பேச அந்தப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் இல்லை.

குழந்தைகளைப் பற்றி. 2002-இல் இங்கிலாந்தின் சோஹம் ஊரில் இரு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் ஒரு பள்ளியின் பராமரிப்பாளராக இருந்தவன். அவன்மீது முன்பே வேறு ஊர்க் காவல்துறையிடம் புகார்கள் இருந்தன. அந்தத் தகவல் புதிய ஊருக்கு வந்து சேரவில்லை. அதன் விளைவாக அரசு விசாரணையும், 2006-இல் சட்டமும், 2012-இல் பின்னணிச் சரிபார்ப்புக்கான தனி அமைப்பும் வந்தன. இன்று சிறுவர் அணி வைத்திருக்கும் ஒவ்வொரு ரக்பி கிளப்பிலும் குழந்தைப் பாதுகாப்புக்கென ஓர் அலுவலர் இருக்க வேண்டும். பிள்ளைகளைப் பயிற்றுவிப்பவர் சரிபார்ப்புக்கு உட்பட வேண்டும். இருபது ஆண்டாகத் தெரிந்தவரிடம் போய் இந்தப் படிவத்தை நிரப்பித் தாருங்கள் என்று கேட்பது சங்கடமாக இருக்கும். எல்லாரிடமும் கேட்கப்படும் என்று விதி இருப்பதால்தான் அந்தச் சங்கடம் குறைகிறது. கேட்பவர் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. கேட்கப்படுபவர் யாரிடமும் வருத்தப்பட வேண்டியதில்லை.

நல்ல நோக்கத்தோடு கொண்டுவந்தாலும் கலந்து பேசாமல் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023 ஜனவரியில், சமுதாய ரக்பியில் இனி பந்து வைத்திருப்பவரை இடுப்புக்கு மேலே பிடித்து மடக்கக் கூடாது, அதாவது டேக்கிள் செய்யக் கூடாது என்று இங்கிலாந்து யூனியன் அறிவித்தது. நோக்கம் தலையைக் காப்பது. பிரான்ஸ் தன் அமெச்சூர் ஆட்டத்தில் அதை முன்பே செய்திருந்தது. ஆனால் ஆடுகிறவர்களிடமும் பயிற்றுநர்களிடமும் நடுவர்களிடமும் முறையாகக் கேட்காமல் அறிவித்ததால் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அந்த மாதமே யூனியன் வருத்தம் தெரிவித்தது. பிறகு கிளப்புகளோடு பேசி, மார்பெலும்பின் அடிப்பகுதிக்குக் கீழேதான் டேக்கிள் என்று திருத்தி, அந்த ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இரண்டாவது விதி முதலாவதைவிடக் கொஞ்சம் தளர்வானது. ஆனால் அதை ஆடுகிறவர்கள் ஏற்றார்கள். நடுவரின் கண்ணுக்கு எட்டாத நொடியில் ஒரு விதியைக் காப்பாற்றுவது ஆட்டக்காரரின் மனசாட்சிதான். கேட்காமல் திணித்த விதி அங்கே போய்ச் சேராது.

இவ்வளவு விதிகளைச் சுமப்பது யார் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதிவு, காப்பீடு, ஆட்ட அட்டை, சரிபார்ப்பு, வரிப் படிவம் என்று எல்லாம் ஒரே செயலாளரின் தலையில் ஏறினால் அவர் இரண்டு பருவத்தில் களைத்து ஒதுங்கிவிடுவார். அவரும் ஒரு நாள் கூட்டத்துக்கு வராதவர் ஆகிவிடுவார். ஆகவே அவரைக் காப்பதற்கும் விதி வேண்டும். உறுப்பினர் பதிவுக்கு ஒருவர், ஆட்ட அட்டவணைக்கு ஒருவர், பாதுகாப்புக்கு ஒருவர் என்று வேலையைப் பிரியுங்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு துணை ஆளை இப்போதே பழக்குங்கள். எந்த மாதம் எந்தப் படிவம் என்று ஒரே தாளில் ஆண்டுக் காலண்டர் போட்டு கிளப் சுவரில் ஒட்டுங்கள். பதவிக்குக் கால வரம்பு வையுங்கள். யாரும் தேவைப்படுவதால் மாட்டிக்கொள்ளக் கூடாது. யாரும் பிடித்துப்போனதால் ஒட்டிக்கொள்ளவும் கூடாது.

வராதவருக்காகவும் பேசும் விதி வேண்டும் என்பது நம் பக்கத்துக்கும் பொருந்தும். கண்டியிலும் கொழும்பிலும் ரக்பிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட மரபு உண்டு. பள்ளி ஆட்டங்களுக்குத் திருவிழாக் கூட்டம் கூடும். அப்படிப்பட்ட இலங்கையின் ரக்பி அமைப்பையே, நிர்வாகத்தில் அரசின் தலையீடு காரணமாக, 2023 மே மாதத்தில் உலக ரக்பி அமைப்பு இடைநீக்கம் செய்தது. சண்டை நிர்வாகிகளுக்கும் அதிகாரத்துக்கும் இடையே. அதன் வலியோ நாட்டுக்காக ஆடக் காத்திருந்த இளைஞர்களுக்கு. தமிழ்நாட்டில் ஏழு பேர் சேர்ந்தால் 1975-இன் சங்கப் பதிவுச் சட்டப்படி ஒரு கிளப்பைப் பதிவு செய்துவிடலாம். அந்த ஏழு பேரின் கையெழுத்துக்குக் கீழே, இனிச் சேரப்போகிற எழுநூறு பேரின் உரிமையும் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் கிளப்பின் துணைவிதிகளில் ஒரே ஒரு வரியைச் சேருங்கள். எந்தத் தீர்மானத்தையும் வாக்குக்கு விடுமுன், இந்த முடிவு யாரைத் தொடும், அவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா என்று தலைவர் உரக்கக் கேட்க வேண்டும். இல்லை என்றால், அவருடைய கருத்தை யார் போய்க் கேட்டு வந்தார்கள் என்பது மினிட் புத்தகத்தில் ஏற வேண்டும். யாரும் கேட்கவில்லை என்றால் அந்தத் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போக வேண்டும். இதற்குச் செலவு இல்லை. கூட்டம் கொஞ்சம் நீளும், சில முடிவுகள் ஒரு மாதம் தாமதமாகும், அவ்வளவுதான். 1893-இல் லண்டனிலும், லான்ஹாரன் ஆட்டத்தில் குறுக்கிட்ட புள்ளி விதியை எழுதிய மேசையிலும், 2023 ஜனவரியிலும் இந்தக் கேள்வியை ஒருவர் எழுந்து கேட்டிருக்கலாம். உங்கள் ஊரில் அதைக் கேட்பவர் நீங்களாக இருங்கள்.